பழம்பொருளும் பின்முற்றமும்

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலத்து நகரங்களில் குடியேறிய நம்மவர்க்கு நேர்ந்த இழப்புகளுள், அதிகமாகப் பேசப்படாத ஒன்று முற்றம். மொழியைப் பேணச் சங்கம் வைத்தோம். வழிபாட்டிற்குக் கோயில் எடுத்தோம். இசைக்குச் சபை அமைத்தோம். வானத்தைப் பார்த்து உட்காரும் இடத்திற்கு மட்டும் மாற்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. மும்பையில் நானூறு சதுர அடியில் நால்வர் வாழும்போது முற்றத்தை எங்கே தேடுவது என்று அன்பர்கள் கேட்கலாம். நாங்களும் பல ஆண்டுகள் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தாம்.

மூன்றாண்டுகளுக்கு முன்னர் ஊரில் இருந்த வீட்டை விற்றோம். அங்குத் தனித்திருந்த எங்கள் தாயார் எங்களோடு செம்பூருக்கு வந்து சேர்ந்தார். எழுபத்தெட்டு வயது. உணவுக்கும் மருந்துக்கும் குறைவில்லை. ஆயினும் அவர் கட்டிலை விட்டு எழுவது நாளுக்கு நாள் குறைந்தது. “வெளியே சற்று உட்காரலாமே, அம்மா” என்றால், “வெளியே என்று எதைச் சொல்கிறீர்கள்?” என்று கேட்பார். அக்கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை.

நாங்கள் இருப்பது பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளம். சமையலறைக்குப் பின்னால், மதிலை ஒட்டி, 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள ஒரு துண்டு நிலம் கிடந்தது. உடைந்த ஓடுகளும், மேல் வீடுகளிலிருந்து விழும் துணிக் கிளிப்புகளும், பயன்படாத நீர்த்தொட்டி ஒன்றும் அங்குக் குடியிருந்தன. கட்டடச் சங்கத்தாரை எழுத்து மூலம் கேட்டோம். கூரை போடலாகாது, சுவரில் ஆணி அடிக்கலாகாது, சாக்கடை மூடியை மறைக்கலாகாது என்ற மூன்று நிபந்தனைகளோடு இசைவு தந்தார்கள். வைக்கின்ற எதுவும் தூக்கி அப்புறப்படுத்தக் கூடியதாக இருக்கவேண்டும் என்பதே அவற்றின் சாரம்.

தோட்டச் சாமான் விற்கும் பெரிய கடைகளில் விலை விசாரித்தோம். ஒரு பெஞ்சிற்குச் சொன்ன விலையில் எங்கள் ஒரு மாத மளிகை முடிந்துவிடும். ஆகவே 6,000 ரூபாய் என்று ஒரு வரம்பு வகுத்துக்கொண்டு, பழம்பொருட்களைக் கொண்டே அவ்விடத்தை அமைப்பது என முடிவு செய்தோம்.

முதல் தடை வீட்டிற்குள்ளேயே எழுந்தது. “யார் வீட்டு நாற்காலியோ! அதில் யார் நோயில் கிடந்தார்களோ, யார் கண்ணை மூடினார்களோ! அதைக் காசு கொடுத்து வீட்டிற்குள் கொண்டுவருவதா?” என்றார் தாயார். பிறர் கழித்த பொருளை ஏற்பது குறைவு என்னும் எண்ணம் நம் குடும்பங்களில் ஆழமாக வேரூன்றியது; எங்களுக்கும் அது அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. “வீட்டிற்குள் அன்று, அம்மா, வெளியே” என்று சமாதானம் சொன்னோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகும் கடைவீதியின் பெயர் சோர் பஜார் என்று அறிந்ததும், “திருடன் சந்தைக்கா?” என்று மறுபடியும் திரும்பினார்.

அப்பெயரைப் பற்றி மும்பையில் ஒரு கதை உண்டு. இரைச்சல் எனப் பொருள்படும் ‘ஷோர்’ என்னும் சொல்லே வெள்ளையர் வாயில் ‘சோர்’ என்று திரிந்தது என்பர். உண்மை எதுவாயினும், பெண்டி பஜாருக்கு அருகே மட்டன் தெருவிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் நடக்கும் அந்த வாணிபம் மிகப் பழையது. கடைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆனால் அன்றுதான் விடியுமுன்பே தெருவில் துணியை விரித்து, கைவிளக்கு ஒளியில் வேறொரு சந்தை கூடுகிறது. வெயில் ஏறினால் அது கலைந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை முதல் தொடர்வண்டியைப் பிடித்துச் சென்றோம். அங்குக் கண்ட பொருட்களை எண்ணி மாளாது. மூடப்பட்ட ஈரானி உணவுச்சாலைகளின் வளைமர நாற்காலிகள். இடிக்கப்பட்ட வீடுகளின் பூவேலைத் தரை ஓடுகள். எனாமல் பூசிய விளம்பரப் பலகைகள். ஒற்றைக் காலணி, ஓடாத கடிகாரம், மூடியில்லாத கூஜா. கப்பல் விளக்குகளும் நிறையக் கிடந்தன. குஜராத்தின் ஆலங் கடற்கரையில் 1983ஆம் ஆண்டு முதலும், மும்பையிலேயே தாருகானாவில் அதற்கு முன்னிருந்தும் பழங்கப்பல்களை உடைத்து வருகிறார்கள். அவற்றின் உள்ளிருந்த பொருட்கள் இத்தகைய சந்தைகளை வந்தடைகின்றன.

இங்கே எங்கள் அறியாமையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பித்தளைக் கப்பல் விளக்கு என்று ஒருவர் காட்டிய விளக்கை, அரையிருளில் அதன் மினுமினுப்பைக் கண்டு மயங்கி, 700 ரூபாய்க்கு வாங்கினோம். அது கப்பலைக் கண்டதே இல்லை. இரும்புத் தகட்டின் மேல் பித்தளை முலாம் பூசிப் புதிதாகச் செய்து, பழமை தோன்ற அழுக்கேற்றிய பொருள். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கும் காந்தத்தை அருகே கொண்டுபோனதும் சட்டென்று ஒட்டிக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், காந்தம்தான் அன்று வீட்டில் இருந்தது. இதனைப் படிக்கும் அன்பர்கள் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்தோடு செல்வார்களாக.

அடுத்த முறை கவனத்தோடு சென்றோம். வெளியில் வைக்கும் மரப்பொருளுக்குத் தேக்கே சிறந்தது. அதில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பசை நீரையும் கரையானையும் தடுக்கிறது. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. இதே மும்பையில் வாடியா குடும்பத்தாரின் கப்பல்துறையில், மலபார்த் தேக்கினால், 1817ஆம் ஆண்டு கட்டப்பட்ட ‘ட்ரிங்கோமலி’ என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது. நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய கப்பல் அது. இருநூறு ஆண்டு கடலைத் தாங்கிய மரம், செம்பூர் மழையைத் தாங்காதா?

ஜோகேசுவரி மேற்கே ஓஷிவாராவில் பழைய மரச்சாமான் கடைகள் வரிசையாக உள்ளன. பழைய மரத்தில் செய்த புதிய சாமானும், புதிய மரத்தில் செய்த ‘பழைய’ சாமானும் அங்கு அருகருகே இருக்கும். வேறுபாடறிய வழிகள் உண்டு. பெஞ்சைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கவேண்டும்; மேற்புறத்திற்கு வண்ணம் பூசுபவர் அடிப்புறத்தை மறந்துவிடுவார். ஒரு முனையைத் தூக்கினால் எடை தெரியும். விரல் நகத்தால் தட்டினால் உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். சிறு துளைகளின் கீழே மாவு போன்ற தூள் உதிர்ந்திருந்தால், விலை எதுவாயினும் விட்டுவிட வேண்டும். அப்பொருளோடு பூச்சியும் வீட்டிற்கு வந்து சேரும். இவ்வாறு பார்த்து, ஏதோ ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நீண்ட தேக்குப் பெஞ்சு ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினோம். அதன் பலகையில் மராத்தி எழுத்தில் இரண்டு பெயர்கள் கத்தியால் கீறப்பட்டிருந்தன. அவற்றைத் தேய்த்து அழிக்க மனம் வரவில்லை.

மடக்கு இரும்பு நாற்காலிகள் இரண்டை, ஒன்று 450 ரூபாய் வீதம் வாங்கினோம். இங்கு ஓர் எச்சரிக்கை. பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் மிகுதியாகக் கலந்திருந்தது. வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்னும் விதி 2016இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பர் முதல் நாள் தொட்டே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்டதை உலர்ந்த நிலையில் தேய்த்தால், எழும் தூசு குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு செய்யும். ஆகவே பேரப் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, முகத்தைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, நீர் நனைத்த உப்புத்தாளால் தேய்த்தோம். வழிந்த சேற்றைத் தாளில் ஒற்றி, கட்டி அகற்றினோம். பின்னர் ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, பச்சை வண்ணம் இரண்டு பூச்சு. பெஞ்சிற்கு ஆளிவிதை எண்ணெய் மட்டும்.

பீங்கான் ஊறுகாய் ஜாடிகள் மூன்றை 600 ரூபாய்க்கு வாங்கினோம். விளிம்பு உடைந்தவையாதலால் விலை குறைவு. செடி வைக்க அடியில் துளை வேண்டும். ஜாடியைக் கவிழ்த்து, துளைக்கும் இடத்தில் நீரை ஊற்றிக்கொண்டே மெல்லத் துளைத்தால் உடையாது. முதல் ஜாடியில் அவசரப்பட்டோம், அது இரண்டாயிற்று. மற்ற இரண்டும் தப்பின. எனாமல் பேசின்கள் இரண்டு 300 ரூபாய்.

இவ்வளவும் வந்து சேர்ந்தும் தாயார் பின்கதவைத் தாண்டி அடியெடுத்து வைக்கவில்லை. உள்ளிருந்தபடியே பார்த்து, “காயலான் கடை நன்றாக இருக்கிறது” என்றார்.

ஒரு நாள், கண் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில், அவரையும் அழைத்துக்கொண்டு மட்டன் தெருவிற்குள் நுழைந்தோம். கடையொன்றின் வாயிலில் ஊஞ்சற்பலகை ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அருகே பித்தளைச் சங்கிலிகள் நான்கு. கண்ணிகளுக்கு இடையிடையே கிளியும் யானையும். தாயார் நின்றுவிட்டார். கடைக்காரர், “வாருங்கள், மாஜி, மதராஸ் பொருள். பெரிய வீடுகளில் இருந்தது” என்று இந்தியில் சொல்லி ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார். விலை கேட்டோம். சங்கிலிகள் மட்டும் 38,000 ரூபாய்.

தாயார் சங்கிலியின் ஒரு கண்ணியைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது எங்கள் வீட்டுச் சங்கிலி அன்று. எங்களுடையதில் கிளி கிடையாது, அன்னம்தான். ஆனால் எங்களுக்கு அப்போது நினைவில் வந்தது ஒன்றே. வீட்டை விற்ற அந்த வாரத்தில், விடுப்பு முடியப் போகிறது, வண்டிக்கு நேரமாகிறது என்ற பரபரப்பில், அண்டா, தவலை, குத்துவிளக்கு, ஊஞ்சற்சங்கிலி எல்லாவற்றையும் திண்ணையில் குவித்து எடைக்குப் போட்டவர்கள் நாங்கள். தராசில் ஏற்றும்போது தாயார் உள்ளறையில் இருந்தார். “இவற்றை மும்பையில் எங்கே வைப்பது?” என்று அன்று நாங்கள் கேட்டபோது அவர் மறுமொழி சொல்லவில்லை. பிறகும் அதைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவிலே, இடித்த செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் எனாமல் பாத்திரங்களும் விற்பனைக்கு நிற்பதைப் பார்த்த அன்பர்கள் பலர் இருப்பர். அங்கிருந்து அவை நாடெங்கும் செல்கின்றன. ஊரில் பாரம் என்று நாம் இறக்கிவைத்தது, ஆயிரம் மைல் தாண்டி அலங்காரப் பொருளாகி, நம் கைக்கு எட்டாத விலையில் நம்மையே பார்த்து நிற்கிறது.

தொடர்வண்டியில் திரும்பும்போது தாயார் சொன்னார்: “நம் ஊஞ்சல் யார் வீட்டில் இருக்கிறதோ! எடைக்குப் போட்டு உருக்கிவிட்டார்களோ, யாராவது வாங்கி மாட்டினார்களோ! மாட்டியிருந்தால், யார் வீட்டுப் பொருளோ என்று அவர்கள் முகம் சுளிக்காமல் இருக்கவேண்டும்.” சற்றுப் பொறுத்து, “அந்தப் பெஞ்சை நானும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார். நாங்கள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம். அவர் சாளரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மன்னிப்பை இன்று வரை நாங்கள் சொல்லி முடிக்கவில்லை.

மறுநாட் காலை அவரே பின்கதவைத் திறந்து பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் குறை சொல்லத் தொடங்கினார். எங்களுக்கு அது பேருவகை அளித்தது. துளசி வைத்த திசை தவறு. முல்லைக்குக் கொழுகொம்பு போதாது. ஜாடிகளை வரிசையாக வைத்தால் கடை போலிருக்கிறது; ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக வைக்கவேண்டும்.

அப்பருவத்தில்தான் அடுத்த தெருவில் ஒரு பழைய கட்டடத்தை மறுகட்டுமானத்திற்காக இடித்தார்கள். செம்பூரில் இது இப்போது அன்றாடக் காட்சி. அங்குக் குடியிருந்த தமிழ்க் குடும்பம் ஒன்று, ஊரிலிருந்து என்றோ சுமந்து வந்த ஆட்டுக்கல்லை வாயிலிலேயே விட்டுச் சென்றிருந்தது. பழைய இரும்பு வாங்குகிறவரும் அதைத் தொடவில்லை. கல்லுக்கு எடைக்கட்டு ஏது? அக்குடும்பத்தாரைத் தொலைபேசியில் கேட்டோம். “எடுத்துக்கொள்ளுங்கள், யாராவது எடுத்தால் போதும்” என்றார்கள். கைவண்டிக்கும் ஆட்களுக்கும் 400 ரூபாய். முற்றத்தின் மூலையில் அதை இறக்கியபோது, தாயார் தாமே ஒரு குடம் நீர் ஊற்றிக் கழுவினார். குழவியை எடுத்துவிட்டுக் குழியில் நீர் நிரப்பினார். அரை நாளில் காகம் வந்தது; மறுநாள் மைனாக்கள் வந்தன.

மழைக்காலம் எங்களுக்கு மேலும் ஒரு பாடம் கற்பித்தது. இந்நகரின் மழையைச் சொல்லவேண்டியதில்லை. 2005 ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை இங்கு வாழ்ந்த எவரும் மறந்திலர். எனாமல் பேசின்களுக்குத் துளையிட எங்களுக்குத் தோன்றவில்லை. ஜூலையில் மாநகராட்சிச் சுகாதார ஊழியர் வந்து, பேசின் நீரில் நெளிந்த புழுக்களைக் கைவிளக்கால் காட்டிக் கடிந்துகொண்டார். அவர் கடிந்தது முற்றிலும் முறையே. டெங்கு பரப்பும் கொசு தேங்கிய தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். இப்போது பேசின்களுக்குத் துளை உண்டு. ஆட்டுக்கல் நீரை நாள்தோறும் இறைத்துவிட்டுத் தேய்த்துப் புதுநீர் ஊற்றுவது தாயாரின் வேலை. அதற்காகவே அவர் காலையில் எழுகிறார் என்று சொன்னாலும் மிகையாகாது.

கணக்கையும் அன்பர்கள்முன் வைத்துவிடுகிறோம். பெஞ்சு 1,800; நாற்காலிகள் 900; ஜாடிகள் 600; பேசின்கள் 300; விளக்கு 700; ஆட்டுக்கல் வந்த கூலி 400; வண்ணம், எண்ணெய், உப்புத்தாள் 650; மண்ணும் செடிகளும் 550; டெம்போ வாடகை 500. ஆக 6,400 ரூபாய். வரம்பிற்கு மேல் 400. அந்த விளக்கை மட்டும் வாங்காதிருந்தால் 300 ரூபாய் மிஞ்சியிருக்கும். அதையும் எறிந்துவிடவில்லை, “திருஷ்டிக்கு இருக்கட்டும்” என்று தாயார் கதவோரம் வைக்கச் சொன்னார். ஒரே மழைக்காலத்தில் துருவேறி, இப்போது அது மெய்யாகவே பழம்பொருள் போலத் தோன்றுகிறது.

வாங்கலாகாத பொருள் ஒன்றையும் சொல்லவேண்டும். சந்தைகளில் கற்சிலைகளும் உலோகத் திருமேனிகளும் கண்ணில் படுவதுண்டு. செடிகளுக்கிடையே ஒரு சிலை இருந்தால் அழகுதான். ஆயினும் நூறாண்டுக்கு மேற்பட்ட சிலைகள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்திற்குள் வருபவை. அவற்றைப் பதிவு செய்யவேண்டும். நம் கோயில்களிலிருந்து களவுபோன திருமேனிகள் எத்தனை என்பதை நாம் அறியாதவரல்லர். பழமையான திருவுருவம் எக்கோயிலின் கருவறையை வெறுமையாக்கிவிட்டு வந்ததோ என்ற ஐயம் இருக்கும்வரை, அதை நம் முற்றத்தில் வைத்து மகிழ்வது தகாது. மண்விளக்கோ தொட்டியோ வேண்டுவோர் தாராவியின் கும்பார்வாடாவிற்குச் செல்லலாம். சௌராஷ்டிரத்திலிருந்து வந்து தலைமுறைகளாக வாழும் குயவர்கள் நம் கண்முன்னே வனைந்து தருவார்கள். அவர்களும் நம்மைப் போல் ஊர்விட்டு வந்தவர்களே.

மாலை வேளைகளில் மேல்மாடிக் குஜராத்தி அம்மையார் தம் காய்கறித் தட்டோடு இறங்கி வந்து இரும்பு நாற்காலியில் உட்கார்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. தாயாருக்குக் குஜராத்தி தெரியாது. பேச்சிற்கு மட்டும் குறைவில்லை.

எங்கள் கட்டடத்தையும் மறுகட்டுமானத்திற்கு விடுவது பற்றிச் சங்கக் கூட்டத்தில் பேச்சு எழுந்துள்ளது. நடந்தால் இந்த 72 சதுர அடியும் போய்விடும். ஆனால் சங்கத்தார் விதித்த நிபந்தனையின்படி இங்கு எதுவும் தரையோடு பிணைக்கப்படவில்லை. பெஞ்சு வரும், ஜாடிகள் வரும். “கல்லை விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்” என்று தாயார் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்கும் எண்ணத்தில் இருக்கும் அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. எல்லாவற்றையும் கொண்டுவர இயலாது. அது எங்களுக்கும் தெரியும். தராசு வருமுன் வீட்டுப் பெரியவர்களை அழைத்து, “எதை எடுத்துக்கொள்ளலாம்?” என்று ஒரு சொல் கேளுங்கள். ஒரு சொம்பாயினும் அவர்கள் கைகாட்டியதைக் கொண்டுவாருங்கள். அதை வைப்பதற்கு ஒரு முழ இடத்தை எந்நகரிலும் உண்டாக்கிக்கொள்ளலாம்.